கம்பியில்லா இணையச் சேவை நிறுவனங்கள், சிறு (அமெரிக்கா)

கேபிளோ கண்ணாடியிழையோ எட்டாத கிராமங்களுக்கும் பண்ணை வீடுகளுக்கும் கோபுரத்திலிருந்து ரேடியோ அலை வழியாக இணைய இணைப்பு தரும் உள்ளூர் நிறுவனங்கள். பெரிய நிறுவனங்கள் லாபமில்லையென ஒதுக்கிய பகுதிகளில் இவற்றின் பணி மதிப்பிடற்கரியது.

தொழில்நுட்பச் சிக்கல்கள்: கோபுரத்துக்கும் வீட்டு ஆன்டெனாவுக்கும் இடையே நேர்பார்வை தேவை, கோடு மட்டும் தெரிந்தால் போதாது, அதைச் சுற்றிய வெளியும் காலியாக இருக்க வேண்டும். 5.8 கிகாஹெர்ட்ஸில் 10 கி.மீ. இணைப்பின் நடுப்புள்ளியில் இந்த வெளியின் ஆரம் சுமார் 11 மீட்டர். அதில் 60 விழுக்காடாவது தடையற்றிருப்பது நல்லது. குளிர்காலத்தில் நன்றாக வேலை செய்த இணைப்பு, வசந்தத்தில் மரங்கள் துளிர்த்ததும் தடுமாறுவது இதனால்தான். உரிமமற்ற 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளை யாரும் பயன்படுத்தலாம் என்பதால் குறுக்கீட்டுக்கு எதிராகச் சட்டப் பாதுகாப்பு கிடையாது.

தொழில் சிக்கல்கள்: கோபுர வாடகை, மொத்த விலையில் இணையத் திறன் கொள்முதல், ஒவ்வொரு பழுதுக்கும் ஆள் அனுப்பும் செலவு ஆகியவற்றைச் சில நூறு சந்தாதாரர்களின் மாதக் கட்டணமே தாங்க வேண்டும். உரிமம் பெற்ற அலைவரிசைக்கோ பெரிய நிறுவனங்களுடன் ஏலத்தில் மோத வேண்டும்: 2020இல் நடந்த 3.5 கிகாஹெர்ட்ஸ் முன்னுரிமை உரிம ஏலத்தில் சுமார் 458 கோடி டாலர் திரண்டது. கைப்பேசிச் சேவை நிறுவனமான வெரைசன் ஒன்றே ஏறத்தாழ 189 கோடி டாலர் செலவிட்டது. ஆயினும் அதே அலைவரிசையில் ஏலமின்றிப் பயன்படுத்தும் பொது அனுமதியும், அதே ஆண்டு 6 கிகாஹெர்ட்ஸில் உரிமமற்ற பயன்பாட்டுக்குத் திறக்கப்பட்ட 1,200 மெகாஹெர்ட்ஸின் ஒரு பகுதியும் சிறியவர்களுக்குக் கைகொடுக்கின்றன. ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் சேவையும் அரசு மானியத்தில் வரும் கண்ணாடியிழையும் இன்று இவற்றின் முக்கியப் போட்டிகள்.