வட்டுக்கோட்டைச் செமினரியும் அண்டர்சனின் தீர்ப்பும்: 1823ஆம் ஆண்டுத் திட்டத்தின் இரண்டாம் நோக்கம்

யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷன் 1823இல் நிறுவிய செமினரி 1855இல் மூடப்பட்டது ஏன் என்று ஆராய்வோர் முதலில் எதிர்கொள்ள வேண்டியவர் ரூபஸ் அண்டர்சன் ஆவார். மிஷனின் பாஸ்டன் தலைமையகச் செயலாளராக இருந்து, 1854-55இல் தூதுக்குழுவுடன் கீழைநாடுகளுக்கு வந்து, செமினரியை நிறுத்தும் முடிவுக்கு வழிகோலிய அவரே, 1874இல் பாஸ்டனில் வெளிவந்த இந்திய மிஷன் வரலாற்றில் அம்முடிவுக்கு விளக்கமும் எழுதினார். தீர்ப்பளித்தவரே வழக்கின் வரலாற்றையும் எழுதிய நிலை இது. அவ்வரலாற்றை ஆவணமாகக் கொள்ளலாமேயன்றி முடிந்த முடிபாகக் கொள்வதற்கில்லை.

ஒரு தொழிலுக்கு மட்டும் ஆளைத் தயாரிக்காது மொழி, தருக்கம், கணிதம், வானியல், மெய்யியல் ஆகியவற்றை ஒருங்கே பயிற்றும் முறையே 'லிபரல் ஆர்ட்ஸ்' எனப்படும் பொதுக்கலைக் கல்வியாகும். அம்முறையை ஆங்கிலவழியில் யாழ்ப்பாணத்து மாணவர்க்கு அளித்ததால் அவர்கள் தம் மக்களிடமிருந்து விலகி அரசாங்க உத்தியோகங்களை நாடினர் என்பதும், சுதேசத் திருச்சபைக்கு வேண்டிய போதகர்கள் தாய்மொழிவழியிலேயே உருவாக வேண்டும் என்பதும் அண்டர்சன் வாதத்தின் சாரம். இதன் முற்பகுதியில் உண்மை உண்டு. செமினரியில் பயின்றோர் பலர் இலங்கையிலும் சென்னை மாகாணத்திலும் அரசுப் பணியேற்றனர். ஆங்கிலக் கல்விக்குக் கூட்டம் சேர்ந்ததில் சம்பளத்துக்கு இருந்த பங்கை மறைக்க வேண்டியதில்லை. எனினும் உத்தியோகம் பெற்றதைக் கொண்டே மக்களிடமிருந்து விலகியதை மெய்ப்பிக்க முடியுமா என்பதுதான் வினா. பௌடன் கல்லூரியில் பட்டம் பெற்ற அண்டர்சன், அத்தகைய கல்லூரிகளில் படித்த அமெரிக்க இளைஞர் வழக்கறிஞராகவும் வணிகராகவும் ஆனதை அக்கல்வியின் தோல்வியாக எண்ணியிருக்கமாட்டார்.

இவ்விடத்து 1823ஆம் ஆண்டில் மிஷனரிமார் வெளியிட்ட கல்லூரித் திட்டத்தைச் சற்று நின்று நோக்குதல் தகும். அதன் முதல் நோக்கம் ஆங்கிலத்தில் நிறைவான அறிவு தருவது. இரண்டாவது தமிழிலக்கியப் பயிற்சி. அதனையடுத்துத் தேர்ந்தெடுத்த சிலர்க்கு வடமொழியும், எபிரேயம், கிரேக்கம், இலத்தீன் போன்ற மொழிகளும், பின்னர் அமெரிக்கக் கல்லூரிகளில் வழக்கமாகப் பயிலப்படும் அறிவியல்களும் இடம்பெறுகின்றன. முதல் நோக்கத்தோடு படிப்பை நிறுத்திக்கொள்பவர்க்கு அண்டர்சன் கூற்றுச் சரியென்றே தோன்றும். இரண்டாம் நோக்கமோ வேறு வகையில் அமைந்தது. தமிழ் தன்னளவிலேயே பயிலத்தக்க தொன்மொழி என ஏற்று, தமிழறியாதவர்க்குக் கற்றோரிடையே மதிப்பில்லை என்பதையும் ஒப்புக்கொண்டு, தம் மொழியிலேயே எழுதவல்லவர்களை உருவாக்குவதையும் அது கருதுகிறது. மதமாற்றமே இத்திட்டத்தின் இறுதி இலக்கு என்பதில் ஐயமில்லை. அவ்விலக்கை அடையத் தமிழ்ப் புலமையை ஒரு வழியாகக் கண்டதே இங்குக் கவனத்திற்குரியது. தாய்மொழிக்கும் பொதுக்கலைக் கல்விக்கும் முரண் உண்டு என்னும் அண்டர்சனின் எடுகோள் இத்திட்டத்தில் இல்லை. 1855இல்தான் அது வெளியிலிருந்து கொண்டுவந்து சேர்க்கப்பட்டது.

இரண்டாம் நோக்கம் வகுப்பறையில் எவ்வளவு நிறைவேறியது என்பதைத் திட்டத்தின் வாசகத்தைக் கொண்டு மட்டும் நிறுவ இயலாது என்பது உண்மையே. ஆயினும் புறச்சான்றுகள் உள. முதல் தலைவர் டானியல் பூவர் காலத்தில், 1829இன் சந்திர கிரகணத்தையொட்டிப் பஞ்சாங்கக் கணிப்புப் பற்றி எழுந்த விவாதம், உள்ளூர் வானியலைக் கற்றறிந்தே மறுக்க வேண்டும் என்னும் நிலைக்குச் செமினரி வந்திருந்ததைக் காட்டுகிறது. அவர்க்குப் பின் பொறுப்பேற்ற ஹென்றி ஹொய்சிங்டன் 1848இல் யாழ்ப்பாணத்தில் இந்து வானியல் முறையை மொழிபெயர்ப்புடனும் குறிப்புகளுடனும் அச்சிட்டார். 1854இல் அமெரிக்கக் கீழைத்தேயச் சங்கத்தின் ஆய்விதழில் தத்துவக்கட்டளை, சிவஞானபோதம், சிவப்பிரகாசம் ஆகியவற்றின் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டார். சைவத்தை மறுக்க வந்தவர் அதன் மெய்கண்ட சாத்திரங்களை மேலைநாட்டார்க்கு எடுத்துரைத்தவராக முடிந்தது திட்டமிட்டோர் எதிர்பாராத விளைவு.

மாணவர் தரப்புச் சான்று இன்னும் வலிது. செமினரியில் பயின்ற ஹென்றி மார்ட்டினும் சேத் பேசனும் 1841இல் 'உதயதாரகை' இதழைத் தொடங்கினர். சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் நடத்திய முதல் பி.ஏ. தேர்வில் வென்ற சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் வட்டுக்கோட்டையில் பயின்றவர்களே. அரசுப் பணியிலிருந்த தாமோதரம்பிள்ளைதான் வீரசோழியம் (1881), கலித்தொகை (1887) முதலியவற்றைப் பதிப்பித்தார். ஆர்னால்டு சதாசிவம்பிள்ளை 1886இல் 'பாவலர் சரித்திர தீபகம்' வெளியிட்டார். இவர்களை மக்களிடமிருந்து விலகியோர் வரிசையில் வைப்பது கடினம். தாமோதரம்பிள்ளை சுன்னாகம் முத்துக்குமாரக் கவிராயரிடமும் தமிழ் கற்றவராதலால், அவரது புலமை முழுவதையும் செமினரியின் கணக்கில் எழுதுவதும் பிழையாகும். கணிதமும் தருக்கமும் பயின்ற பயிற்சி சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடந்தேரும் பதிப்பு முறைக்குத் துணைசெய்திருக்கலாம் என்று ஊகிப்பதற்கு மட்டுமே இடமுண்டு.

அண்டர்சனின் நூல் வெளிவருமுன்னரே, 1872இல், அதே வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி தோன்றிவிட்டது. அதற்கு உந்துதல் தந்தோரில் செமினரியின் பழைய மாணவர்களும் இருந்தனர். இது தெரிந்திருந்த நிலையில் எழுதப்பட்ட 1874ஆம் ஆண்டு விளக்கத்தில், 1855இன் காரணங்கள் எவ்வளவு, பின்னாளைய தற்காப்பு எவ்வளவு என்பதை அந்நூலை மட்டும் கொண்டு பிரித்தறிய முடியாது. 1855ஆம் ஆண்டில் எழுதப்பட்ட கடிதங்களையும் அறிக்கைகளையும் அதனோடு வரிக்கு வரி ஒப்பிட்டே அதனைத் தீர்மானிக்க வேண்டும்.