இன்டெல்லா, ஏஎம்டியா? கணினி நிறுவனங்கள் முடிவெடுக்கும் விதம்

மடிக்கணினியின் விசைப்பலகைக்குப் பக்கத்தில் இன்டெல் அல்லது ஏஎம்டி என்று ஒரு சிறு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். இரண்டுமே 1972-ஆம் ஆண்டில் பினாங்கு, பாயான் லெப்பாசில் தொழிற்சாலை திறந்த நிறுவனங்கள். மலேசியர்களுக்குப் பழகிய பெயர்கள்தாம். எதை வாங்கிப் பொருத்துவது என்பதைக் கணினி தயாரிப்பாளர்கள் எப்படி முடிவு செய்கிறார்கள்?

1981-இல் ஐபிஎம் தன் கணினிக்கு இன்டெல்லின் 8088 செயலியைத் தேர்ந்தெடுத்தது. ஒரே நிறுவனத்தை நம்பியிருக்க அது விரும்பவில்லை. அதனால் ஏஎம்டியும் அதே வடிவமைப்பில் செயலி தயாரிக்க, 1982-இல் ஒப்பந்தம் ஆனது. பிறகு இருவரும் நீதிமன்றம் ஏறியது தனிக்கதை. இரண்டிலும் ஒரே விண்டோஸ் ஓடுவதற்கு வேர் இங்கேதான் உள்ளது.

1990-களின் நடுப்பகுதி வரை இரு நிறுவனங்களின் செயலிகளையும் ஒரே தாய்ப்பலகையில் பொருத்த முடிந்தது. 1997-இல் பென்டியம் 2 வேறு வகை இணைப்புடன் வந்த பின் வழி பிரிந்தது. தாய்ப்பலகை, சோதனை, உதிரிபாகம் என எல்லாவற்றையும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். கேட்ட அளவு சரக்கு கேட்ட நாளில் வருமா என்ற கவலையும் உண்டு. மலிவு என்பதற்காக ஒரே இரவில் மாறிவிட முடியாது.

இதையெல்லாம் விடப் பெரிய காரணம் பணம். டெல் 2006 வரை இன்டெல் செயலிகளை மட்டுமே பயன்படுத்தியது. அதற்கு ஈடாக இன்டெல் கொடுத்த தொகை, 2003 நிதியாண்டில் டெல்லின் செயல்பாட்டு வருமானத்தில் 10 விழுக்காடு. 2006 நிதியாண்டில் 38 விழுக்காடு என்றது அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம். முதலீட்டாளர்களிடம் இதை மறைத்ததாக வந்த வழக்கில், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலும் மறுக்காமலும் 2010-இல் டெல் 100 மில்லியன் டாலர் அபராதம் கட்டியது.

இன்னொரு செய்தி இன்னும் வியப்பானது. ஏஎம்டி ஒரு மில்லியன் செயலிகளை எச்பிக்கு இலவசமாகவே தர முன்வந்தது. எச்பி எடுத்துக்கொண்டது 160,000 மட்டுமே! கூடுதலாக எடுத்தால், மற்ற செயலிகளுக்கு இன்டெல் தரும் தள்ளுபடி கைநழுவும் என்பதே காரணம் என்று சொல்லப்பட்டது.

ஐரோப்பிய ஆணையம் 2009-இல் இன்டெல்லுக்கு 1.06 பில்லியன் யூரோ அபராதம் விதித்தது. அதே ஆண்டு இன்டெல் 1.25 பில்லியன் டாலர் கொடுத்து ஏஎம்டியுடன் சமரசம் செய்துகொண்டது. ஆனால், தள்ளுபடியால் போட்டி பாதிக்கப்பட்டது சரிவர நிறுவப்படவில்லை என்று 2022-இல் ஐரோப்பிய நீதிமன்றம் அந்த அபராதத்தை ரத்து செய்தது. 2024-இல் மேல் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

இன்று டெல், எச்பி, லெனோவோ, ஏசர் எல்லாவற்றிலும் இரண்டு வகையும் கிடைக்கின்றன. பிள்ளைகளுக்குக் கணினி வாங்கும் பெற்றோர் 'ஐ5', 'ரைசன் 5' என்ற பெயரோடு நின்றுவிடாமல், செயலியின் முழு எண்ணையும் கடைக்காரரிடம் கேளுங்கள். அது எத்தனையாவது தலைமுறைச் செயலி என்பது அந்த எண்ணை வைத்துத்தான் தெரியும்.