கோச்சியிலிருந்து லைஃப் கோச் வரை

யாழ்ப்பாணத்தில் பிறந்த உங்கள் அம்மம்மாவிடம் ரயிலை ஊரில் என்னவென்று சொல்வார்கள் என்று கேட்டுப் பாருங்கள். "கோச்சி" என்பார். 'கோச்' என்ற ஆங்கிலச் சொல்தான் ஊர்ப் பேச்சில் அப்படி மாறியது. இன்ஸ்டகிராமில் "உன் வாழ்க்கையை மாற்றுகிறேன்" என்று விளம்பரம் போடும் லைஃப் கோச்சின் பெயரில் இருப்பதும் அதே சொல்தான்.

அண்மையில் பல்கலைக்கழகம் முடித்த என் சித்தியின் மகள், அப்படி ஒருவரின் விளம்பரத்தை எனக்கு அனுப்பியிருந்தாள். மூன்று மாதத்துக்கு 3,000 டொலர். "அண்ணா, சேரலாமா?" என்று கேட்டாள். பதில் சொல்ல முதல் இந்தத் தொழில் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். படித்ததை உங்களோடும் பகிர்கிறேன்.

ஹங்கேரியில் கோச் என்று ஒரு கிராமம் இருக்கிறது. 15ஆம் நூற்றாண்டில் அங்கே செய்த குதிரை வண்டிகள் ஐரோப்பா முழுவதும் புகழ் பெற்றன. ஊரின் பெயரே வண்டியின் பெயராகி ஆங்கிலத்துக்குள்ளும் வந்தது. 1830களில் ஒக்ஸ்போர்ட் மாணவர்கள், பரீட்சைக்குத் தங்களைத் தயார் செய்யும் தனி ஆசிரியரைக் கேலியாக 'கோச்' என்றார்கள். மாணவனை ஏற்றிக்கொண்டுபோய்ப் பரீட்சைக்கு அப்பால் இறக்கிவிடுகிற வண்டி என்று பொருள். விளையாட்டுப் பயிற்சியாளருக்கு அந்தப் பெயர் வந்தது அதற்குப் பிறகுதான்.

இந்த ஒக்ஸ்போர்ட் கோச்சை எங்களுக்கு நன்றாகத் தெரியும். அவர்தான் ரியூசன் மாஸ்டர். இலங்கையில் 1971இல் பல்கலைக்கழக அனுமதிக்குத் தரப்படுத்தல் வந்தது. ஒரே துறைக்குள் நுழைய, தமிழில் படித்தவர்கள் சிங்களத்தில் படித்தவர்களைவிடக் கூடிய புள்ளி எடுக்க வேண்டியிருந்தது. பிறகு மாவட்டக் கோட்டாவும் வந்தது. ஒரு புள்ளி குறைந்தால் ஒரு வாழ்க்கை தவறிவிடும் என்ற பயத்தோடு படித்த தலைமுறை அது. 1983க்குப் பிறகு கனடாவுக்கு வந்தவர்களில் பலர் அந்தப் பயத்தையும் பெட்டியோடு கொண்டுவந்தார்கள். ஸ்காபரோவில் பலசரக்குக் கடைக்குப் பக்கத்திலேயே ரியூசன் சென்ரர் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். நானும் சனிக்கிழமைகளில் அங்கே கணக்குப் படித்தவன்தான். என் எஞ்சினியரிங் மாஸ்ரர்ஸ் பட்டத்தில் அந்த மாஸ்டர்மாருக்கும் பங்கு உண்டு.

ரியூசன் மாஸ்டருக்கு விடை தெரியும். எங்கே இறங்க வேண்டும் என்பதும் முன்பே தீர்மானமாகிவிட்டது: டொக்டர், எஞ்சினியர், எக்கவுண்டன். இன்றைய லைஃப் கோச்சின் வேலை இதற்கு நேர்மாறானது.

அந்த மாற்றம் டென்னிஸ் மைதானத்தில் தொடங்கியது. அமெரிக்கரான ரிமதி கால்வே 1974இல் 'தி இன்னர் கேம் ஒஃப் டென்னிஸ்' என்ற புத்தகத்தை எழுதினார். "கையை இப்படி வை, காலை அப்படி வை" என்று சொல்லச் சொல்ல ஆட்டக்காரர் தடுமாறுகிறார் என்பதை அவர் கவனித்தார். அதனால் கட்டளைகளைக் குறைத்தார். பந்து நிலத்தில் படும்போது ஒரு சொல், மட்டையில் படும்போது ஒரு சொல் என்று ஆட்டக்காரரையே சொல்ல வைத்தார். கவனம் பந்தில் நின்றது, அடியும் தானாகத் திருந்தியது. வெளியே இருக்கும் எதிராளியைவிட மனதுக்குள் இருக்கும் குறுக்கீடுதான் பெரிய தடை என்பது அவருடைய கருத்து.

முன்னாள் கார்ப் பந்தய வீரரான ஜோன் விற்மோர் இதை இங்கிலாந்தின் கொம்பனிகளுக்குக் கொண்டுபோனார். 1992இல் வந்த அவருடைய புத்தகம் நான்கு படிகள் கொண்ட ஒரு முறையைப் பரப்பியது. உனக்கு என்ன வேண்டும்? இப்போது எங்கே நிற்கிறாய்? என்னென்ன வழிகள் உண்டு? எதைச் செய்யப் போகிறாய்? கேள்விகள் மட்டும்தான். விடை சொல்வது உங்கள் பொறுப்பு.

இன்னொரு வேரும் உண்டு. 1970களில் அமெரிக்காவில் 'எஸ்ற்' போன்ற சுயமுன்னேற்றப் பயிற்சிகள் பெரிய மண்டபங்களில் காசுக்கு நடந்தன. அதை நடத்தியவரின் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருந்த தோமஸ் லெனார்ட் என்பவர்தான் 1992இல் கோச்சுகளுக்கான பயிற்சிப் பள்ளியையும், 1995இல் ஐ.சி.எஃப். என்ற சர்வதேச அமைப்பையும் தொடங்கினார். அதனால் இந்தத் தொழிலில் கால்வேயின் அமைதியும் இருக்கிறது, மேடை வியாபாரியின் ஆரவாரமும் இருக்கிறது. உங்களுக்கு முன்னால் இருப்பவரிடம் எது அதிகம் என்று பார்ப்பதுதான் முதல் சோதனை.

எனக்கு இதில் கொஞ்சம் அனுபவமும் உண்டு. மனேஜர் பதவிக்குப் போவதா, தொழில்நுட்ப வேலையிலேயே இருப்பதா என்று குழம்பிய காலத்தில் ஒரு கோச்சிடம் நான்கு தடவை பேசினேன். மூன்றாவது தடவை அவர் கேட்டார்: "நீங்கள் மனேஜர் ஆகாவிட்டால் யார் ஏமாற்றமடைவார்கள்?" அப்பா என்றேன். "அப்பாவிடம் கேட்டீர்களா?" என்றார். அன்றிரவே கேட்டேன். அப்பா சிரித்தார். "உன்னை எஞ்சினியருக்குப் படிக்கச் சொன்னது, நான் பட்ட கஷ்டம் நீ படக்கூடாது எண்டுதான். மனேஜர் ஆகு எண்டு நான் எப்ப சொன்னனான்?" அந்த ஒரு கேள்விக்காகக் கொடுத்த காசு வீணில்லை. "உனக்கு என்ன விருப்பம்?" என்று கேட்டுக்கொண்டிருக்க எங்கள் அப்பா அம்மாவுக்கு நேரம் இருக்கவில்லை. அவர்களுக்கு வாடகை கட்ட வேண்டியிருந்தது, ஊரில் இருந்தவர்களை ஸ்பொன்சர் செய்ய வேண்டியிருந்தது.

ஆனாலும் ஒன்ராறியோச் சட்டத்தைத் தெரிந்துகொள்ளாமல் யாரிடமும் காசு கொடுக்காதீர்கள். இங்கே யாரும் நாளைக்கே தன்னை லைஃப் கோச் என்று அழைத்துக்கொள்ளலாம். படிப்பு, அனுமதி எதுவும் தேவையில்லை. உளச்சிகிச்சையாளர் அப்படியில்லை. 2015 ஏப்ரலிலிருந்து அவர்களுக்கென்று மாகாணத்தில் ஓர் ஒழுங்குமுறைக் கல்லூரி இருக்கிறது. பெயர்ப் பட்டியலை இணையத்தில் யாரும் பார்க்கலாம், முறைப்பாடும் செய்யலாம். ஐ.சி.எஃப். தனியார் அமைப்பு. அதன் முதல் நிலைச் சான்றிதழுக்கு 60 மணி நேரப் பயிற்சியும் 100 மணி நேர அனுபவமும் வேண்டும், உயர்ந்த நிலைக்கு 2,500 மணி நேர அனுபவம் வேண்டும். அது நல்ல அடையாளம்தான், ஆனால் அரச உரிமம் அல்ல. செலவையும் பாருங்கள். 2024 ஜூனிலிருந்து உளச்சிகிச்சைக்கு விற்பனை வரி இல்லை. கோச்சிங்குக்கு 13 வீத வரி வந்தால் அந்த 3,000 டொலர் 3,390 ஆகிவிடும்.

பலன் உண்டா? 2014இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 18 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். வேலைத்திறன், மனநலம், இலக்கை நோக்கிச் செயல்படுவது ஆகியவற்றில் நல்ல பலன் தெரிந்தது. ஆனால் அவை வேலைத்தலங்களில் நடந்த கோச்சிங் பற்றியவை. இன்ஸ்டகிராம் விளம்பரத்துக்கு அதைச் சான்றாக எடுக்க முடியாது.

முடிவெடுக்க முதல் உங்களையே மூன்று கேள்விகள் கேளுங்கள்.

முதலாவது: வலிக்கிறதா? நித்திரை இல்லை, அழுகை நிற்கவில்லை, இழப்பு ஒன்று விட்டுப் போகவில்லை என்றால் கோச் வேண்டாம். குடும்ப டொக்டரிடமோ உளச்சிகிச்சையாளரிடமோ போங்கள். உயிரை விடும் எண்ணம் வந்தால் உடனே 988க்கு அழையுங்கள் அல்லது குறுஞ்செய்தி அனுப்புங்கள். கனடாவில் எங்கிருந்தும் இலவசம், எந்த நேரமும்.

இரண்டாவது: தகவல் தெரியவில்லையா? அப்படியென்றால் தேவை வழிகாட்டி. ரொறன்ரோவில் 2003இல் உருவான ரியெக் என்ற அமைப்பு, புதிதாக வந்த தொழில்சார் வல்லுநர்களை அதே துறையில் இருப்பவர்களோடு இணைத்துவிடுகிறது. அவர்களுக்குக் கட்டணம் இல்லை. இங்கேயே படித்தவர்களுக்குப் பல்கலைக்கழகத்தின் வேலைவாய்ப்பு நிலையமும் பழைய மாணவர்களும் இருக்கிறார்கள். என் தங்கச்சிக்குத் தேவைப்பட்டது இதுதான். அவளுடைய துறையில் பத்து வருடம் இருக்கும் ஓர் அக்காவோடு இரண்டு கோப்பி குடித்ததில் அவளுக்கு வழி தெரிந்தது.

மூன்றாவது: உடம்பும் மனமும் சரி, தகவலும் தெரியும், ஆனால் முடிவெடுக்கவோ எடுத்த முடிவில் நிற்கவோ முடியவில்லையா? அப்போதுதான் கோச். சேர முதல் எங்கே பயிற்சி பெற்றார், எத்தனை மணி நேர அனுபவம், இடையில் நிறுத்தினால் காசு திரும்புமா, நான் சொல்வது இரகசியமாக இருக்குமா என்று கேளுங்கள். பதில்களை எழுத்தில் வாங்குங்கள். "இது என் வேலை இல்லை, நீங்கள் சிகிச்சையாளரிடம் போக வேண்டும்" என்று எப்போது சொல்வார் என்றும் கேளுங்கள். அதற்குத் தெளிவாகப் பதில் சொல்பவரை நம்பலாம். "ஆறு மாதத்தில் ஆறு இலக்கச் சம்பளம்" என்று வாக்குக் கொடுப்பவரிடமிருந்தும், "இன்றைக்கே கட்டினால் பாதி விலை" என்பவரிடமிருந்தும் எழும்பி வந்துவிடுங்கள்.

இன்னொன்று. விற்மோரின் அந்த நான்கு கேள்விகளையும் இன்றிரவு ஒரு கொப்பியில் எழுதி, நீங்களே பதில் எழுதிப் பாருங்கள். நாலாவது கேள்வி வரை போக முடிந்தால் உங்கள் 3,390 டொலர் உங்களிடமே இருக்கட்டும். முதல் கேள்வியிலேயே பேனை நின்றுவிட்டால், கோச்சைத் தேட முதல் வீட்டில் இருப்பவர்களிடம் ஒரு தடவை பேசிப் பாருங்கள்.