கபடி: தொடுகை, பிடி விதிகளின் வரலாறு

பாடி வரும் ரெய்டரை எதிரணியினர் எப்போது, எங்கே, எப்படித் தொடலாம் என்று வரையறுப்பவை கபடியின் பிடி விதிகள். சடுகுடு என்று கிராமங்களில் ஆடிய நாளில் இவை எழுத்தில் இல்லை. திருவண்ணாமலை வட்டாரத்தில் பொங்கலையொட்டிச் சுண்ணாம்புக் கோடு போட்டு ஆடியபோதும் ஊர் வழக்கே சட்டம். வெளியூர் அணி வந்தால்தான் வாய்ச்சண்டை.

விதிகளை எழுதி வைத்தவர்கள் மேற்கு இந்தியாவினர். 1923இல் பரோடாவின் ஹிந்த் விஜய் ஜிம்கானா அவற்றை வெளியிட்டது. 1950இல் அகில இந்தியக் கபடிக் கூட்டமைப்பு உருவானது. ஆடவருக்கான முதல் தேசியப் போட்டி 1952இல் சென்னையில் நடந்தது. 1990இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் கபடி பதக்கப் போட்டியானது.

ரெய்டரைக் கை, கால், உடல் ஆகியவற்றில் மட்டுமே பிடிக்கலாம். முடியையோ ஆடையையோ பற்றி இழுப்பதும், பாட்டை நிறுத்த வாயைப் பொத்துவதும், காயம்பட முரட்டுத்தனமாகப் பிடிப்பதும் செல்லாது. அப்படிப் பிடிபட்ட ரெய்டர் அவுட் ஆகமாட்டார். வேண்டுமென்றே கோட்டுக்கு வெளியே தள்ளுவதையும் பழைய விதிநூல் தடுத்தது. ஆனால் உடம்பால் மோதி வெளியே அனுப்பும் ‘டேஷ்’ இன்று புரோ கபடி லீக் போட்டிகளில் கைதட்டல் வாங்கும் தடுப்பு. ‘வேண்டுமென்றே’ என்பதை நடுவரின் கண்தான் அளக்க வேண்டும், சிக்கலே அங்குதான்.

அமெரிக்கக் கால்பந்திலும் இதே தலைவலி உண்டு. பந்து வாங்க ஓடுபவரை, ஆட்டம் தொடங்கும் கோட்டிலிருந்து 5 கஜத்துக்கு அப்பால் தடுப்பாளர் உடலால் மறிக்கக் கூடாது என்று அங்கே 1978இல் விதி வந்தது. 2019 ஜனவரியில் ஒரு முக்கிய ஆட்டத்தில் அப்பட்டமான தவறை நடுவர்கள் கவனிக்காமல் விட்டதால், பந்து வரும்போது தடுப்பாளர் குறுக்கிட்டாரா என்பதை வீடியோவில் சரிபார்க்க அனுமதித்தார்கள். குழப்பம் தீரவில்லை, ஒரே பருவத்தோடு அந்த ஏற்பாட்டைக் கைவிட்டார்கள்.

கபடியில் பெருஞ்சண்டை மூட்டியது லாபி. ஆடுகளத்தின் இரு ஓரமும் 1 மீட்டர் அகலமுள்ள இந்தப் பட்டை, ரெய்டரும் தடுப்பாளரும் தொட்டுக்கொண்ட பிறகுதான் களத்தில் சேரும். 2023 அக்டோபர் 7, ஹாங்சோ ஆசிய விளையாட்டின் ஆடவர் இறுதி: இந்தியா 28, ஈரான் 28. ஆட்டம் முடிய ஏறக்குறைய ஒரு நிமிடம் இருக்கும்போது ரெய்டு போன இந்தியாவின் பவன் செராவத், யாரையும் தொடாமலே லாபிக்குள் கால் வைத்தார். தடுக்கப் பாய்ந்த ஈரானியரும் அவரோடு வெளியே போனார்கள். பழைய சர்வதேச விதிப்படி பின்தொடர்ந்தவர்களும் அவுட். புரோ கபடி விதிப்படி ரெய்டர் மட்டுமே அவுட். தீர்ப்பு மாறி மாறி வந்தது. இரு அணியினரும் களத்திலேயே உட்கார்ந்துவிட, ஆட்டம் ஏறக்குறைய ஒரு மணி நேரம் நின்றது. ஈரான் தலைவர் ஃபசல் அத்ராச்சலி புரோ கபடியில் பல ஆண்டுகள் ஆடியவர். பவனோ 2022இல் தமிழ் தலைவாஸ் 2.26 கோடி ரூபாய்க்கு எடுத்த வீரர். இருவருக்கும் புது விதி அத்துப்படி. முடிவில் பழைய விதியே வென்று, இந்தியா 33-29 என்ற கணக்கில் தங்கம் பெற்றது.