விமான சிமுலேட்டரில் விஆர் ஹெட்செட்டும் ஹெட் டிராக்கரும்

கணினியில் விமானம் ஓட்டிப் பழகுவோர் காக்பிட்டுக்குள் இருந்தபடி சுற்றிலும் பார்க்க இரண்டு கருவிகள் உண்டு. மேசைத் திரைக்கு முன் அமர்ந்திருப்பவரின் தலையசைவைக் கேமராவால் அறிந்து காட்சியைத் திருப்புவது ஹெட் டிராக்கர். திரையையே கண்ணுக்கு முன் மாட்டிவிடுவது விஆர் ஹெட்செட்.

இவை எதற்கு என்பது சென்னைக்குத் தெற்கே உள்ள பொத்தேரிக்கு மேலே பறந்தால் விளங்கும். சிமுலேட்டரில் மீனம்பாக்கம் விமான நிலையத்திலிருந்து சிறு செஸ்னா விமானம் ஒன்றைக் கிளப்பி, ஜிஎஸ்டி சாலையையும் அதையொட்டி ஓடும் ரயில் பாதையையும் பிடித்துக்கொண்டு தெற்கே போகலாம். தாம்பரம் விமானப்படைத் தளம், வண்டலூர், கூடுவாஞ்சேரி, பொத்தேரி ரயில் நிலையம், எதிரே எஸ்ஆர்எம் பல்கலைக்கழகத்தின் உயர்ந்த கட்டடங்கள், பிறகு செங்கல்பட்டின் கொளவாய் ஏரி என வரிசையாக அடையாளங்கள் வரும். அங்கே கிழக்கே திரும்பினால் திருக்கழுக்குன்றத்து மலைக்கோயில், அடுத்து மாமல்லபுரக் கடற்கரை. இடப்பக்க இருக்கையில் இருக்கும் விமானி, சாலையைத் தன் இடக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு, அடிக்கடி தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்தபடி பறப்பார். 27 அங்குலத் திரையை 60 செ.மீ. தள்ளி வைத்தால் அது கண்ணில் ஏறத்தாழ 53 பாகை அகலம்தான் அடைக்கும். அது நேர் எதிரே உள்ளதைக் காட்டும், சாலையைக் காட்டாது. பொத்தானை அழுத்திக் காட்சியைத் திருப்புபவர், எந்தப் பக்கம் பார்க்கிறோம் என்பதையே சில நேரம் மறந்துவிடுவார்.

ஹெட் டிராக்கர்களில் பெயர்பெற்றது அமெரிக்காவின் நேச்சுரல்பாயின்ட் நிறுவனத்தின் ட்ராக்ஐஆர். தொப்பியில் செருகிய மூன்று புள்ளிகளை அகச்சிவப்புக் கேமரா ஒன்று நொடிக்கு 120 முறை படம்பிடிக்கிறது. புள்ளிகள் விலகும் அளவிலிருந்து தலையின் ஆறு வகை அசைவுகளும் கணக்கிடப்படுகின்றன: மூன்று திருப்பங்கள், மூன்று நகர்வுகள். பின்புறம் பார்க்க முழுதும் திரும்பினால் திரை கண்ணைவிட்டுப் போய்விடுமே? அதனால் அசைவைப் பெருக்கிக் காட்டுவார்கள். தலை 30 பாகை திரும்பினால் காட்சி 150 பாகை திரும்பும்படி அமைக்கலாம். இதில் கை வந்துவிட்டால் வேகம் பிரமிக்க வைக்கும். ஆனால் கழுத்து கற்றுக்கொள்வது உண்மை விமானத்தில் செல்லாத ஒரு பழக்கம்.

விஆரில் பெருக்கம் இல்லை. கழுத்து திரும்பிய அளவுக்கே காட்சி திரும்பும். இரு கண்ணுக்கும் தனித்தனிப் படம் போவதால் ஆழம் தெரியும். தரையிறங்கும்போது ஓடுபாதைக்கு மேல் எத்தனை அடி உயரத்தில் மூக்கைத் தூக்குவது என்ற கணிப்புக்கு இது பெரிய துணை. தரையிறக்கத்தைப் பழக நினைப்பவருக்கு விஆரையே பரிந்துரைக்க வேண்டும். இந்த யோசனை புதிதல்ல. கணினி அறிவியலாளர் இவான் சதர்லேண்ட் 1968-லேயே தலையில் மாட்டும் காட்சிக் கருவியைச் செய்துகாட்டினார். ஆனால் எக்ஸ்-பிளேன் 11 என்ற சிமுலேட்டருக்கு விஆர் வந்தது 2018-ல், மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டருக்கு 2020 டிசம்பரில்.

விஆர் கேட்கும் விலை பணம் மட்டுமல்ல. மெட்டா குவெஸ்ட் 3-ல் ஒரு கண்ணுக்கு 2064 × 2208 புள்ளிகள். இரு கண்ணுக்கும் சேர்த்து 91 லட்சம். சாதாரண முழு எச்டி திரையைப்போல் நான்கு மடங்குக்கு மேல். நொடிக்கு 90 படம் வேண்டுமென்றால் ஒவ்வொன்றையும் 11 மில்லிநொடிக்குள் வரைந்தாக வேண்டும். கிராஃபிக்ஸ் கார்டு திணறினால் படம் தடுமாறும், வயிறும் புரளும். கண் திரும்பியதாகச் சொல்ல, உட்காது அசையவில்லை என்று சொல்வதால் வரும் குமட்டல் இது. அப்போதே கழற்றிவிட வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்ந்தால் அடுத்த நாள் ஹெட்செட்டைக் கண்டாலே குமட்டும். தெளிவிலும் திரைதான் முன்னே நிற்கிறது. 2560 புள்ளி அகலமுள்ள மேற்சொன்ன திரையில் பாகைக்கு 48 புள்ளிகள். குவெஸ்ட் 3-ல் ஏறத்தாழ 25. தொலைவிலுள்ள விமானமும் சிறு எழுத்தும் மங்கித்தான் தெரியும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பு, கையும் அதற்கு எட்டுபவையும் கண்ணுக்குத் தெரியாமல் போவது. ஹெட்செட் மாட்டியவருக்கு விசைப்பலகை, வரைபடம், மடியிலுள்ள செக்லிஸ்ட் எதுவும் தெரியாது. நீண்ட வழிப்பயணத்தைக் குறிப்பெடுத்துப் பறப்பவருக்கு ஹெட் டிராக்கரே ஏற்றது.

பொத்தேரி மாணவர் அறைகளுக்கு இன்னும் சில கவலைகள் உண்டு. செங்கல்பட்டுப் புழுக்கத்தில் அரை மணியில் முகம் வேர்த்து லென்ஸ் பனிக்கும். ஜன்னல் வெயில் ஹெட்செட் லென்ஸ் வழியே குவிந்தால் உள்ளே திரை கருகிவிடும். அதே வெயில் ட்ராக்ஐஆர் கேமராவையும் குழப்பும். பழைய ஹெச்பி ரிவெர்ப் ஜி2 மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்குமுன் யோசிக்க வேண்டும்: அது சார்ந்திருந்த மென்பொருளை 2024-ல் வந்த விண்டோஸ் 11 24எச்2 பதிப்பிலிருந்து மைக்ரோசாஃப்ட் நீக்கிவிட்டது. மடிக்கணினியும் வெப்கேமும் மட்டும் இருப்பவர் ஓப்பன்ட்ராக் என்ற இலவச மென்பொருளில் செலவில்லாமல் தொடங்கலாம். முகத்தையே பார்த்து அசைவைக் கணிக்கும் அதன் வழி சற்றுத் துல்லியம் குறைந்தது. ஆனால் திரும்பிப் பார்க்கும் பழக்கம் தனக்கு வருமா என்று அறிய அது போதும்.

இந்தியாவில் வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரப் பறப்பு தேவை. வீட்டு சிமுலேட்டரில் கழித்த நேரம் அந்தக் கணக்கில் சேராது. ஆனால் முறையான பயிற்சியிலும் விஆர் நுழைந்துவிட்டது. ஐரோப்பாவில் 2021 ஏப்ரலில் முதன்முறையாக விஆரைக் கொண்ட பயிற்சிக் கருவி ஒன்றுக்கு ஐரோப்பிய ஒன்றிய விமானப் பாதுகாப்பு முகமை ஒப்புதல் தந்தது. சுவிட்சர்லாந்தின் விஆர்எம் நிறுவனம் ராபின்சன் ஆர்22 ஹெலிகாப்டருக்காகச் செய்தது அது. தரைக்கு அருகே அந்தரத்தில் நிற்கக் கற்பவருக்கு ஆழம் தெரிந்தாக வேண்டும். அதை விஆர் தந்தது. கைக்கு எட்டும் இடத்தில் நிஜமான கட்டுப்பாட்டுக் கம்பிகளையே வைத்தார்கள்.