யானை சுட ஆருக்கு பெர்மிட்? படுவான்கரையும் ஒரு நீண்ட வரிசையும்

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் ஒரு எல்க் மானையோ மலைச் செம்மறியையோ சுட, காசும் துவக்கும் இருந்தால் மட்டும் போதாது. வரிசையில் நிற்கவேணும். கொலராடோ, வயோமிங், யூட்டா, அரிசோனா மாதிரியான மாநிலங்களில் காட்டைப் பிரிவு பிரிவாகப் பிரித்து, இந்தப் பிரிவில் இந்த வருசம் இத்தனை மிருகம்தான் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். அந்தளவு அனுமதிச் சீட்டுத்தான் குலுக்கலில் வரும். விழாதவருக்கு ஆறுதலாக ஒரு புள்ளி. அடுத்த வருசமும் விழாட்டி இன்னொரு புள்ளி. சில மாநிலங்களில் கூடின புள்ளிக்காரருக்கு முதலிடம், சிலதில் புள்ளிக்கேற்ப குலுக்கலில் பெயர் கூடத்தரம் போடப்படும். நல்ல காடு என்று பேரெடுத்த பிரிவுகளுக்கு இருபது வருசம், அதுக்கும் மேல காத்திருக்கிற ஆக்கள் இருக்கிறாங்க.

இதில ஒரு பகிடி என்னண்டா, நீங்க ஒரு புள்ளி எடுக்கக்குள்ள உங்களுக்கு முன்னால நிக்கிறவரும் ஒரு புள்ளி எடுப்பார். நீங்க ஒரு படி ஏற, படிக்கட்டும் ஒரு படி உயரும். 2022இல பெற்றோல் செட்டுக்கு முன்னால ரெண்டு நாள் மோட்டர்சைக்கிளோட நிண்ட எங்கட தலைமுறைக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்ல. எங்கட வரிசைக்கு இருந்த மாதிரி அந்த வரிசைக்கும் ஒரு பின்கதவு இருக்கு. பல மாநிலங்கள் வருசத்துக்கு ஒன்றிரண்டு சீட்டை ஏலத்தில் விடும். 2013இல் மொன்டானாவில் ஒரு மலைச் செம்மறிச் சீட்டு 480,000 டொலருக்குப் போனது. வரிசையில நிக்கிறவர் வரிசையிலயே நிக்க, டொலர் காட்டுக்குள்ள போயிற்று.

ஆனாலும் அந்த முறைக்குப் பின்னால் மதிக்கவேண்டிய ஒரு எண்ணம் இருக்கு: காட்டு மிருகம் பொதுச்சொத்து, அதனால ஆளுக்கு ஆள் பார்க்காமல் பங்கிடவேணும். நம்ம மட்டக்களப்புப் பக்கத்தில் புள்ளி முறை ஒருநாளும் இருந்ததில்லை. ஆனால் வேட்டைக்கு அனுமதி கேட்கிற, அனுமதி மறுக்கிற வரலாறு நூற்றைம்பது வருசத்துக்குக் கிட்ட இருக்கு. அந்த வரிசையில ஆர் முன்னுக்கு நிண்டது, ஆர் வரிசைக்குள்ளயே வரேல்ல எண்டதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் பெர்மிட்டே இல்லாத காலம். இன்னும் சொல்லப்போனால், சுட்டவருக்கு அரசாங்கமே காசு கொடுத்த காலம். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் யானை ஒரு பீடை என்று கணக்கிடப்பட்டது. தலைக்குச் சில சிலிங் சன்மானம். எமர்சன் டெனன்ட் எழுதிவைத்த கணக்கின்படி, 1848க்கு முந்தின மூன்று வருசத்துக்குள் வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகளுக்குச் சன்மானம் கேட்கப்பட்டது. 1851க்கும் 1856க்கும் இடையில் தென்மாகாணத்தில் 2,000. பதுளையில் அதிகாரியாக இருந்த மேஜர் ரொஜர்ஸ் என்பவர் தனியாளாக 1,400 யானைகளுக்கு மேல் கொன்றவர் என்று பேர்பெற்றவர். 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் விழுந்து செத்தார். யானைகளின் சாபம் என்று ஊரில் கதை கட்டியிருக்காட்டித்தான் அதிசயம்.

பிறகு ஆபிரிக்காவில் நைல் நதியின் மூலத்தைத் தேடிப் போன சாமுவேல் பேக்கரும் இந்தக் காலத்து ஆள்தான். 1848இல் நுவரெலியாவில் குடியேறி, மின்னேரியாவிலும் கிழக்குத் தாழ்நிலக் காடுகளிலும் வேட்டையாடித் திரிந்து, அதை வைத்து இரண்டு புத்தகமும் எழுதினார். அந்த எழுத்துகளில் ஒரு பாகுபாடு திரும்பத் திரும்ப வரும். துரை சுட்டால் அது விளையாட்டு, வீரம். ஊராள் நீர்க்குட்டைக்குப் பக்கத்தில் இரவில் குந்தியிருந்து சுட்டால் அது கொலை, களவு. இந்தப் பாகுபாடு பிறகு சட்டமானது.

சன்மானக் காலம் முடியக்குள்ள மிருகங்கள் குறைந்துபோயிருந்தன. 1872இல் எருமையையும் மற்ற வேட்டை மிருகங்களையும் வீணாக அழிப்பதைத் தடுக்க ஒரு சட்டம் வந்தது. 1891இல் யானையையும் சேர்த்து இன்னொன்று. இனி யானை சுட அனுமதிப்பத்திரம் வேணும். 1894இல் வேட்டை மிருகப் பாதுகாப்புச் சங்கம் தொடங்கியது. இன்றைக்கு இலங்கையில் இருக்கிற வனஜீவராசிகள், இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் மூலம் அதுதான். பாதுகாப்புச் சங்கம் என்ற பேரைப் பார்த்து ஏமாறக்கூடாது. தொடங்கியவர்களில் முக்கியமானவர்கள் வேட்டைக்காரர்கள்: தோட்டத் துரைமார், அதிகாரிகள். நாளைக்கும் சுட மிருகம் வேணும் என்றால் இன்றைக்கு அளவோடு சுடவேணும் என்பது அவர்களின் கவலை. அமெரிக்காவிலும் அதே காலத்தில் அதே மாதிரி ஆக்கள்தான் பாதுகாப்பு இயக்கத்தை நடத்தினார்கள். அவர்களால் நல்லதே நடக்கவில்லை என்று நான் சொல்லமாட்டேன். யால இன்றைக்கு இருக்கிறதுக்கு அந்தச் சங்கமும் ஒரு காரணம்.

ஆனால் யாலவின் தொடக்கத்தைக் கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க. 1900 மார்ச்சில் மெனிக் கங்கைக்கும் கும்புக்கன் ஓயாவுக்கும் இடையில் 389 சதுர கிலோமீற்றர் ஒதுக்கப்பட்டது. அதுக்குப் பக்கத்தில், பலட்டுபானவுக்கும் யாலவுக்கும் இடைப்பட்ட காடு வேட்டைக்கென்றே தனியாக வைக்கப்பட்டது. ஆருக்கு? ‘வதிவிட வேட்டை விளையாட்டாளர்’களுக்கு மட்டும். அந்தக் காட்டுக்குப் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக இருந்த ஊராக்கள் அந்தச் சொல்லுக்குள் வரவில்லை. வதிவிடம் அவங்கட, ஆனா விளையாட்டாளர் எண்ட பட்டம் அவங்களுக்கு இல்ல. முதல் காவலராகப் போட்டவர் ஹென்றி எங்கல்பிரெக்ட், தென்னாபிரிக்காவில் பிடிபட்டு இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட ஒரு போயர் போர்க்கைதி. ஊரில் ஒரு வேட்டைக்காரனைக்கூடவா நம்ப முடியவில்லை என்று கேட்கத் தோன்றுது.

இப்ப நம்ம பக்கம் வருவம். 1961 வரைக்கும் இன்றைய அம்பாறை மாவட்டத்தின் பெரும்பகுதி மட்டக்களப்பு மாவட்டத்துக்குள்தான் இருந்தது. கல்லோயா, லாகுகல, பாணமை எல்லாம் நிர்வாகத்தில் நம்ம கச்சேரிக்குக் கீழ். கச்சேரி இருந்தது புளியந்தீவில், ஒல்லாந்தர் கோட்டைக்குள். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. யானை, மான், மரை எல்லாம் படுவான்கரைக்கு மேற்கால. அனுமதி எழுதுற பேனை வாவிக்கு இங்கால. இடையில் ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கிற தண்ணி. மண்முனைப் பாலம் திறந்தது 2014இல்தான். அதுவரைக்கும் அந்த இடத்தில் ‘பாதை’யில்தான் கடப்பாங்க. மட்டக்களப்புக்கு வெளியில இருந்து வாசிக்கிற ஆக்களுக்கு: எங்கட ஊரில பாதை எண்டா றோட்டு இல்ல, ஆக்களையும் மோட்டர்சைக்கிளையும் ஏத்திக் கடத்துற மிதவை.

பயிரை அழிக்கிற, ஆளைக் கொல்லுற யானைக்கு ஒரு தனி வழி இருந்தது. அரசாங்க அதிபர் அதைப் போக்கிரி யானை என்று பிரகடனம் செய்வார். உயரம், காலடியின் அளவு, எந்த ஊர்ப்பக்கம் திரியுது எல்லாம் அறிவித்தலில் இருக்கும். (முன்னங்காலடியின் சுற்றளவை இரண்டால் பெருக்கினால் யானையின் தோள் உயரம் கிட்டத்தட்டச் சரியாக வரும். யானை போனபிறகு மண்ணைப் பார்த்தே உயரம் எழுதியது இப்படித்தான்.) மறுகா அந்த யானையைச் சுட விரும்புகிற வேட்டைக்காரருக்கு அனுமதி கிடைக்கும். இதில் வயல்காரனின் இடம் எது என்று யோசிச்சுப் பாருங்க. யானை வந்ததைச் சொல்லுறவர் அவர். தடம் காட்டிக் கூட்டிப்போகிறவர் அவர். சுடுகிறவர், படம் எடுத்துப் புத்தகத்தில் போடுகிறவர் வேறாள். போடியாரிடம் ஒரு துவக்கு இருந்திருக்கலாம், பரணில் காவல் கிடந்த முல்லைக்காரனிடம் இருந்தது தீப்பந்தமும் தொண்டையும். 1916ஆம் ஆண்டின் சுடுகலன் சட்டத்தின்படி துவக்குக்கும் அனுமதிப்பத்திரம் வேணும். அதை வருசா வருசம் புதுப்பிக்கவும் கச்சேரிக்குத்தான் போகவேணும்.

சுடாமல் பிடிக்கிறவர்களின் கதை வேற. ஏறாவூர் முஸ்லிம் பணிக்கர்கள் தோல் கயிற்றுச் சுருக்கோடு காட்டுக்குள் நடந்துபோய், யானையின் பின்னங்காலில் சுருக்கு மாட்டி, கயிற்றை மரத்தில் சுற்றிவிடுகிறவர்கள். வடக்கு, கிழக்குப் பணிக்கர்களைப் பற்றி டெனன்ட் வியந்து எழுதியிருக்கிறார். கண்டித் தலதா மாளிகையின் பேழையைப் பல வருசம் சுமந்த ராஜா என்ற கொம்பன் யானையும் ஏறாவூர்க் காட்டில் பிடிபட்டதுதான். 1937இல் அது மாளிகைக்குக் கொடுக்கப்பட்டது, 1986இல் தேசியச் சொத்தாக அறிவிக்கப்பட்டது, 1988இல் செத்தது. பதப்படுத்திய உடலைக் கண்டியில் இப்பவும் பார்க்கலாம். எங்கட வந்தாறுமூலை வளாகத்தில இருந்து ஏறாவூர் கூப்பிடு தூரம். ராஜா எங்கட பக்கத்து ஆள் எண்டது வகுப்பில எத்தனை பேருக்குத் தெரியும் எண்டு கேட்டுப் பாத்தன். ஒருத்தருமில்ல. யானையின் பேர் தெரிந்த அளவுக்குப் பணிக்கரின் பேர் தெரியாமல் போனது தற்செயல் இல்லை.

வேட்டையையே வாழ்க்கையாக வைத்திருந்த வேடருக்கு என்ன நடந்தது? வாகரை, பனிச்சங்கேணி, கதிரவெளிப் பக்கத்துக் கரையோர வேடரைப் பற்றி செலிக்மன் தம்பதியினர் 1911இல் வெளியிட்ட நூலில் எழுதியிருக்கிறார்கள். தமிழ் பேசி, தமிழரோடு கலந்து வாழ்ந்த ஆக்கள். வேட்டைச் சட்டம் எதுவும் அவர்களை மனதில் வைத்து எழுதப்படவில்லை. கட்டணம், பருவகாலம், எழுத்தில் விண்ணப்பம் எல்லாம் எழுதப் படிக்கத் தெரிந்தவருக்கும் காசு உள்ளவருக்கும் பொருந்துகிற விதிகள். மேற்கே தம்பானைப் பக்கத்தில் இது இன்னும் அப்பட்டமாக நடந்தது. 1983 நவம்பரில் மாதுறு ஓயா தேசியப் பூங்காவாக்கப்பட்டபோது, வேடரின் வேட்டைக்காடு ஒரே வர்த்தமானியில் அவர்கள் நுழையக்கூடாத இடமானது. பலர் மகாவலிக் குடியேற்றங்களுக்கு மாற்றப்பட்டார்கள். ஊறுவரிகே திசாஹாமி போகமாட்டேன் என்று தம்பானையிலேயே இருந்து, 1998இல் காலமானார். மாதுறு ஓயா கடலைச் சேருவது நம்ம கல்குடாப் பக்கம்தான். ஆற்றின் மேல்முனையில் நடந்ததை வேற ஊர்க்கதை என்று தள்ள ஒண்ணா.

நடுவில் விட்டுப்போன முக்கியமான ஒன்று, 1937இன் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டம். 1938 மார்ச் 1இல் யால தேசியப் பூங்காவானது இதன் கீழ்தான். அப்போது விவசாய அமைச்சர் டி. எஸ். சேனநாயக்க. அதே ஆள்தான் பிரதமரானதும் கல்லோயாத் திட்டத்தைத் தொடங்கினார், 1949இல். யானையைப் பாதுகாக்கிற சட்டமும் யானையின் தாழ்நிலக் காட்டை வெட்டிக் குளமாக்கி வயலாக்கின திட்டமும் ஒரே கையெழுத்து. 1954இல் குளத்தைச் சுற்றிக் கல்லோயாத் தேசியப் பூங்கா வந்தது. ஆனால் யானைக்கு வர்த்தமானி வாசிக்கத் தெரியாது. அது பழைய வழியில்தான் நடந்தது, வழியில் இப்ப வயல் இருந்தது. அந்த முரணுக்கு விலை கொடுக்கிறது வெல்லாவெளி, பட்டிப்பளை, வவுணதீவு, கிரான் பக்கத்து ஆக்கள்.

மறுகா யுத்தம். 1980களில் அனுமதிப்பத்திரத் துவக்குகளைப் பொலிஸில் ஒப்படைக்கச் சொன்னார்கள், ஒப்படைக்காததை இயக்கங்கள் வந்து எடுத்துக்கொண்டன. படுவான்கரை வயல்காரனிடம் இருந்த கொஞ்சமும் போயிற்று. காட்டுக்கரை ஊர்கள் பல வெறிச்சோடின. யுத்தம் முடிந்து ஆக்கள் திரும்பி வந்தபோது, வயல் காடேறிக் கிடந்தது, யானை அங்கே இருந்தது.

இன்றைக்குக் காட்டுப்பன்றி போன்ற சிலதைத் தவிர வேறெதையும் சட்டப்படி வேட்டையாட ஒண்ணா, யானையைப் பற்றிப் பேச்சே இல்ல. அதில் எனக்கு மறுப்பில்லை. 2011 கணக்கெடுப்பில் நாடு முழுக்க 5,879 யானைகள். அதில் 2023இல் மட்டும் 470க்கு மேல் செத்தன, யானையால் செத்த மனிதர் 170க்கு மேல். துவக்குச் சூடு, சட்டவிரோத மின்கம்பி, பன்றிக்கு வைக்கிற ஹக்கபட்டாஸ் வெடி. பெர்மிட் கொடுத்துக் கொன்ற காலத்தைப் போலவே இப்பவும் யானை சாகுது, ஆனால் ஒளிவுமறைவாக, வாய் கிழிந்து பட்டினி கிடந்து.

வரிசையும் மாறியிருக்கு. இப்ப படுவான்கரை நிற்கிறது மின்வேலிக்கும், யானைவெடிக்கும், நட்டஈட்டுக்கும். கிராம சேவகரின் கடிதம், பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, பிரதேச செயலகம், வனஜீவராசிகள் அலுவலகம் என்று நாலு இடம். இந்த வரிசையில் எவ்வளவு நாள் நிண்டாலும் ஒரு புள்ளிகூடச் சேராது. போன போகத்தில் வயல் அழிஞ்சவருக்கு இந்தப் போகத்தில் முதலிடம் எண்டு ஒரு விதியும் இல்ல. அமெரிக்கக்காரன் மான் சுடுறதுக்குக் கண்டுபிடிச்ச ஒழுங்கில பாதியாவது, உயிரோட இருக்கிறதுக்கு நிக்கிற வரிசையில இருக்கப்படாதா?

வேலியிலும் ஒரு கோளாறு. பல இடத்தில் மின்வேலி போட்டது யானை எல்லையில் அல்ல, காணியின் நிர்வாக எல்லையில். இந்தப் பக்கம் திணைக்களத்தின் காடு, அந்தப் பக்கமும் காடு, இரண்டு பக்கமும் யானை. தீவின் ஏறத்தாழ 60 வீதப் பரப்பில் யானை நடமாடுகிறது, அந்தப் பரப்பின் 70 வீதத்தில் மனிதரும் குடியிருக்கிறார்கள். பிரித்திவிராஜ் பெர்னாண்டோ தலைமையிலான குழு 2020இல் தயாரித்த தேசியச் செயற்திட்டம் வேறொரு வழியைச் சொன்னது: வேலியை ஊரைச் சுற்றியும் வயலைச் சுற்றியும் போடுங்கள், வயல்வேலியை விதைப்புக்குக் கட்டி அறுவடைக்குப் பிறகு கழற்றுங்கள், கம்பியைப் பார்க்கிற பொறுப்பை விவசாயச் சங்கத்திடம் கொடுங்கள். அறுவடை முடிந்த வயலில் யானை வைக்கோலும் புல்லும் தின்னட்டும் என்று விட்டுவிடுவது.

படுவான்கரை வட்டவிதானைமார் வாய்க்காலையும் தண்ணீர் முறையையும் கண்டத்துக் கண்டம் பகிர்ந்து காத்து வருகிற ஆக்கள். வேலி முறையையும் அவங்களால பாக்க ஏலும். காலபோக விதைப்பு ஐப்பசியில தொடங்கும், கம்பி அதுக்கு முதல் வந்து சேரவேணும்.