கருமணலும் தாய்வழியும்

மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் மணல் ஒரே நிறத்தில் கிடப்பதில்லை. வெளிர் மணலின் மேல் கரிக்கோடு இழுத்தாற்போல இல்மனைட் வரிகள், அவற்றின் ஓரத்தில் கார்னெட்டின் செம்மை, உற்றுப் பார்த்தால் தேன் நிறத்தில் பொடிப்பொடியாக மோனசைட். குமரி முனையில் சுற்றுலா வருவோருக்குப் பொட்டலம் கட்டி விற்கும் பலநிற மணலும் இதற்கு உறவுதான். குமரித் தேவியின் கல்யாணம் நின்றுபோனதால் சமைக்காமல் கிடந்த அரிசியும் பருப்பும் மணலாகிவிட்டன என்பது ஊர் சொல்லும் காரணம். நிலவியல் சொல்லும் காரணம் மேற்குமலையில் தொடங்குகிறது. அங்குள்ள பழம்பாறைகள் மழையில் அரிக்கப்பட்டு, வள்ளியாறு போன்ற சிற்றாறுகள் வழியே கடலுக்கு வந்தன. பருவக்காற்றுக் காலத்து அலைகள் லேசான மணலை இழுத்துக்கொண்டு கனமானதைக் கரையில் விட்டன. முறத்தில் புடைப்பதுபோல் இது பல்லாயிரம் ஆண்டுகள் நடந்திருக்கிறது.

மோனசைட் என்பது சீரியம், லாந்தனம், நியோடிமியம் முதலிய அருமண் தனிமங்களின் பாஸ்பேட். இந்திய மோனசைட்டில் கூடவே நூற்றுக்கு எட்டு முதல் பத்துப் பங்கு தோரியம் ஆக்சைடும் இருக்கிறது. தோரியம் கதிரியக்கம் உடையது; ஆனால் அவசரப்படாதது. அதன் அணுக்களில் பாதி சிதைவதற்கு 1,405 கோடி ஆண்டுகள் ஆகும். பேரண்டத்தின் வயதே சுமார் 1,380 கோடி ஆண்டுகள்தான். மணல் புரண்டு இடம் மாறியிருக்கலாம். இக்கரையில் முதல் குடிசை எழுந்த நாளில் தோரியம் சிதைந்த வேகம்தான் இன்றும்.

அந்த முதல் குடிசைக்குத் தேதி சொல்ல முடியாது. 1544-ஆம் ஆண்டின் இறுதியில் பிரான்சிஸ் சவேரியார் திருவிதாங்கூர்க் கரையின் முக்குவர் மீனவ ஊர்களில் ஆயிரக்கணக்கானோருக்குத் திருமுழுக்குக் கொடுத்தபோதே அவை நெருங்கிய ஊர்களாக இருந்தன. அன்று முதல் கணக்கிட்டாலும், தலைமுறைக்கு 25 ஆண்டு என்று வைத்தால், பத்தொன்பது தலைமுறை ஆகிவிட்டது. கடலோர ஊர்களுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்து, அதே மணலில் படுத்தெழுந்து வாழ்ந்த பத்தொன்பது தலைமுறை. மரபியலாளர்களின் கண் இந்தக் கரையில் பட்டதற்கு இதுவே காரணம். ஆனால் அவர்களுக்கு முன்பே வியாபாரிகளின் கண் பட்டுவிட்டது.

1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன கயிற்றுச் சரக்கில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டார். தும்புக்குள் ஒளிந்து கப்பலேறிய மணல் அது. மறு ஆண்டே மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் ஆலை வந்தது. அவசரத்துக்குக் காரணம் வெளிச்சம். ஆஸ்திரியாவின் கார்ல் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக், 99 பங்கு தோரியம் ஆக்சைடும் ஒரு பங்கு சீரியம் ஆக்சைடும் சேர்ந்த வலை சூடானால் பளிச்சென்று ஒளிரும் என்று கண்டிருந்தார். ஐரோப்பிய நகரங்களின் எரிவாயு விளக்குகள் மாண்டில் எனப்படும் அந்த வலையை நம்பித்தான் எரிந்தன. நம் ஊர்ப் பெட்ரோமாக்ஸ் விளக்கின் மாண்டிலும் அதே சாதி. 'வைதேகி காத்திருந்தாள்' படத்தில் செந்தில் கை பட்டதும் உதிர்ந்துபோவதும் அதுதான்.

முதல் உலகப் போர் மூண்டதும் ஆலை ஜெர்மானியர் கையைவிட்டு ஆங்கிலேயர் வசம் போனது. மின்விளக்கு பரவியதும் மாண்டிலின் மவுசு குறைந்தது. இல்மனைட்டிலிருந்து எடுக்கும் வெள்ளைச் சாயத்துக்கு மவுசு ஏறியது. 1945-க்குப் பின் தோரியம் அணு எரிபொருளாகப் பார்க்கப்பட்டது. 1950-இல் தொடங்கப்பட்ட இந்திய அருமணல் நிறுவனம் 1965-இல் மணவாளக்குறிச்சி ஆலையை ஏற்றது.

அணுகுண்டுக்குப் பிறகுதான் கரையில் குடியிருப்பவர்களைப் பற்றிய கேள்வி எழுந்தது. அந்தக் கேள்வியின் வேர் 1927-இல் இருக்கிறது. அமெரிக்கரான ஹெர்மன் முல்லர் பழ ஈக்களின் மீது எக்ஸ் கதிரைப் பாய்ச்சி, அவற்றின் மரபணுக்களில் சடுதி மாற்றங்கள் பெருகுவதைக் காட்டினார். பெற்ற ஈக்குக் கதிர் பட்டால் பிறக்கும் ஈயிடம் மாற்றம் தெரிந்தது. டி.என்.ஏ.யின் வடிவம் அறியப்படுவதற்குக் கால் நூற்றாண்டு முன்பே கிடைத்த முடிவு இது. 1946-இல் முல்லருக்கு நோபல் பரிசு. ஹிரோஷிமா நடந்து ஓராண்டே ஆன சமயம். ஈக்கு நடப்பது மனிதருக்கும் நடக்குமா, சிறிய அளவு கதிர் தலைமுறை தலைமுறையாகப் பட்டால் என்ன ஆகும் என்று உலகம் கேட்டது. சோதனைக்காக யார்மீதும் கதிரைப் பாய்ச்ச முடியாது. எனவே இயற்கையே பாய்ச்சிக்கொண்டிருக்கும் இடங்களை உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 1959-இல் பட்டியலிட்டது. பிரேசிலின் கடற்கரையோடு இந்தத் தென்மேற்குக் கரையும் அதில் இருந்தது.

ஓர் ஆண்டில் ஒரு மனிதர் இயற்கையிலிருந்து பெறும் கதிர்வீச்சு உலகச் சராசரியில் 2.4 மில்லிசீவர்ட். கேரளத்தின் நீண்டகரைக்கும் புறக்காட்டுக்கும் இடையிலான கரையில், மணலிலிருந்து மட்டும் ஆண்டுக்கு 1 முதல் 45 மில்லிகிரே (இங்கே மில்லிசீவர்ட்டோடு ஏறக்குறைய ஒப்பிடத்தக்க அலகு) வரை இடத்துக்கு இடம் மாறுகிறது. ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்கு இரண்டு அளவு இருப்பதும் உண்டு. இது ஆய்வுக்குத் தொந்தரவும் வசதியும் ஒருங்கே ஆனது. அதிகம் பெற்றவரும் குறைவாகப் பெற்றவரும் ஒரே கடலில் மீன்பிடித்து, ஒரே சாப்பாடு சாப்பிட்டு வளர்ந்தவர்களாகவே கிடைத்தார்கள்.

முதலில் பிடிபட்டவை எலிகள். லண்டனில் பணியாற்றிய மரபியலாளர் ஹான்ஸ் குரூனெபெர்க்கும் அவர் குழுவினரும், கதிர்வீச்சு மிகுந்த மணலிலும் அதற்கு வெளியேயும் வாழ்ந்த வீட்டெலிகளைச் சேகரித்து, எலும்பையும் பல்லையும் அளந்து ஒப்பிட்டார்கள். எலி அதிக தூரம் போகாது. மனிதருக்கு ஒரு தலைமுறை ஆவதற்குள் அதற்குப் பல பத்துத் தலைமுறை கடந்துவிடும். மாற்றம் சேர்ந்திருந்தால் எலியில் தெரியவேண்டும். 1966-இல் அறிக்கை வந்தது: சொல்லும்படியான வேறுபாடு இல்லை.

பத்தாண்டு கழித்து எதிர்த்திசையில் ஒரு முடிவு வந்தது. 1976-இல் புதுதில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தைச் சேர்ந்த கொச்சுப்பிள்ளை, வர்மா, கிரேவால், ராமலிங்கசுவாமி ஆகியோர், 21-ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக அமைவதால் வரும் டவுன் நோய்க்குறி இக்கரையில் கூடுதலாக இருப்பதாக 'நேச்சர்' இதழில் எழுதினர். மறுப்பும் உடனே எழுந்தது. ஒப்பிட எடுத்த மக்கள் தொகை சிறியது. டவுன் நோய்க்குறி தாயின் வயதோடு கூடுவது என்பதால் அதையும் சரிக்கட்டிப் பார்க்கவேண்டும் என்றார்கள். சச்சரவைத் தீர்க்க ஒரே வழி எண்ணிக்கையைக் கூட்டுவது. பாபா அணு ஆராய்ச்சி மையம் கொல்லத்தில் நிறுவிய ஆய்வகம், அப்பகுதி மருத்துவமனைகளில் பிறந்த குழந்தைகளை 1995 முதல் வரிசையாகப் பரிசோதித்தது. அடுத்த பதினாறு ஆண்டுகளில் பார்த்த குழந்தைகள் 1.4 லட்சம் அளவில். பிறவிக் குறைபாடுகளுக்கும் கதிர்வீச்சு அளவுக்கும் தொடர்பு காணப்படவில்லை. திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் கருநாகப்பள்ளியில் 69,958 பேரைத் தொடர்ந்து கவனித்து 2009-இல் வெளியிட்ட முடிவிலும், கதிர்வீச்சோடு சேர்ந்து புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை.

முல்லர் பொய்யா என்றால் இல்லை. இது அளவின் கணக்கு. ஆண்டுக்கு 10 மில்லிகிரே வாங்குபவர் 30 வயதில் பிள்ளை பெற்றால், அதுவரை அவர் உடல் வாங்கியது 0.3 கிரே. சடுதி மாற்ற வீதத்தை இரட்டிப்பாக்க மனிதருக்குச் சுமார் 1 கிரே தேவை என்று ஐ.நா. அறிவியல் குழு மதிப்பிடுகிறது. அப்படியானால் கூடுவது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. கதிர் படாத ஊரிலும் ஒவ்வொரு குழந்தையும் பெற்றோரிடம் இல்லாத ஐம்பது அறுபது புதிய மாற்றங்களோடுதான் பிறக்கிறது. பெரும்பாலானவை தந்தையின் விந்தணு உருவாகும்போது நேரும் நகல் பிழைகள். தந்தைக்கு வயது ஏற ஏற அவையும் ஏறும். மனிதரின் மரபுத் தொகுதியில் 300 கோடி எழுத்துகள். புரதத்துக்குக் குறிப்பு எழுதிய பகுதி அதில் நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை. மாற்றங்களில் மிகுதியும் பொருளற்ற வரிகளில் விழுந்து, யாருக்கும் தெரியாமல் போகும். குழந்தையின் விரலையும் உதட்டையும் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. எழுத்தையே படித்தாக வேண்டும்.

படித்தது 2002-இல். லூசி ஃபார்ஸ்டர், பீட்டர் ஃபார்ஸ்டர் உள்ளிட்ட ஐரோப்பிய ஆய்வாளர்கள், கேரளக் கரையின் மணல் மிகுந்த தீபகற்பத்திலும் அருகே கதிர்வீச்சு குறைந்த தீவுகளிலுமாக 248 குடும்பங்களைச் சேர்ந்த 988 பேரிடம் மாதிரி எடுத்தனர். அவர்கள் படித்தது மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ.யை. உயிரணுவுக்கு ஆற்றல் தரும் இந்த நுண்ணுறுப்புக்குத் தனியாக 16,569 எழுத்துகளில் ஒரு சிறு ஏடு உண்டு. அதில் 37 மரபணுக்கள். அது தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்குப் போகும்.

குமரிப் பகுதியின் நாஞ்சில் நாட்டாருக்கு இதை விளக்கப் புதிய உவமை தேடவேண்டாம். இங்கே வெள்ளாளரிடையே மருமக்கள்வழி இருந்தது. குடும்பத் தலைவரான காரணவரின் சொத்து அவர் மகனுக்குப் போகாமல் அவருடைய சகோதரியின் மகனுக்குப் போகும். மனைவி மக்கள் பட்ட பாட்டைக் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' என்று அங்கதமாகவே பாடினார். 1926-இல் திருவிதாங்கூர் அரசு நாஞ்சில் நாட்டு வெள்ளாளர் சட்டத்தின் மூலம் அந்த முறையை மாற்றியது. மைட்டோகாண்ட்ரியா மட்டும் இன்னும் பழைய சட்டப்படியே நடக்கிறது. காரணவரிடம் உள்ள அதே ஏடு அவர் சகோதரி மகனிடம் இருக்கும். சொந்த மகனிடம் இருக்காது. மகனுக்கு வாய்த்தது அவன் தாய் வீட்டு ஏடு. முக்குவரோ வெள்ளாளரோ, எந்தச் சாதியிலும் எந்தச் சட்டத்தின் கீழும், உயிரணுவின் இந்தச் சொத்துக்கு மருமக்கள்வழி ஒன்றே.

தாய், பிள்ளை இருவரின் ஏட்டையும் அருகருகே வைத்தால் எந்த எழுத்து எந்தத் தலைமுறையில் மாறியது என்று நேராகக் காணலாம். மணல் மிகுந்த பகுதிக் குடும்பங்களில் இத்தகைய மாற்றங்கள் கூடுதலாகவே இருந்தன. வியப்பு அடுத்ததில் இருந்தது. மாறிய எழுத்துகள் கண்டபடி சிதறிக் கிடக்கவில்லை. மனித குலத்தின் தாய்வழிகளில் குறைந்தது 60,000 ஆண்டுகளாக அடிக்கடி மாறிவந்திருக்கும் இடங்களிலேயே அவை விழுந்திருந்தன. தானாக நடக்கும் மாற்றத்தின் பாதையைத்தான் கதிர்வீச்சு வேகப்படுத்தியதே ஒழிய, புதிய பாதை போடவில்லை. அந்த மாற்றங்களால் நோய் வந்ததாகவும் ஆய்வு சொல்லவில்லை.

எழுத்து மாறுவது வேறு, எழுத்து வாசிக்கப்படுவது வேறு. ஈரல் உயிரணுவிலும் விழித்திரை உயிரணுவிலும் இருப்பது ஒரே ஏடுதான். எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்பதில்தான் இரண்டும் வேறாகின்றன. பாபா மையத்தின் ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட ஆய்வு, கேரளக் கரையில் வாழ்பவர்களின் ரத்த உயிரணுக்களில் எந்தெந்த மரபணுக்கள் செயல்படுகின்றன என்று பார்த்தது. கதிர்வீச்சு மிகுந்த இடங்களில் வாழ்பவர்களிடம், டி.என்.ஏ. சேதத்தை உணர்ந்து பழுதுபார்க்கும் மரபணுக்கள் நிறையவே விழித்திருந்தன. கதிர் ஒரேயடியாக இல்லாமல் நாள்முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் படுவதால், ஒரு முறிவை ஒட்டவைத்து முடிக்க உயிரணுவுக்கு அவகாசம் கிடைக்கிறது.

இதை வைத்துக் கரை மக்கள் கதிருக்குப் பழகிப் பரிணமித்துவிட்டார்கள் என்று சொல்வது அவசரம். மரபணு விழித்தெழுவது ஒருவர் வாழ்நாளுக்குள் நடப்பது. அது அப்படியே பிள்ளைக்குச் சொத்தாகப் போவதில்லை. பரிணாமத்துக்கு, பழுதுபார்ப்பதில் தேர்ந்த மரபணு உடையவர்கள் மற்றவர்களைவிட அதிகப் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியிருக்க வேண்டும். பிறவிக் குறையிலும் புற்றுநோயிலும் தெரியாத அளவு மெல்லிய அழுத்தம், இருபது தலைமுறையில் அப்படித் தேர்ந்தெடுத்திருக்கும் என்பதற்கு இடமில்லை. அம்மையும் காலராவும் கடற்புயலும் அந்தத் தலைமுறைகளிலிருந்து கொண்டுபோன உயிர்கள் தோரியத்தின் கணக்கைவிட எத்தனையோ மடங்கு.

1956 நவம்பர் 1-இல் கன்னியாகுமரி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. மணல் எல்லைக்கு இரு பக்கமும் கிடந்தாலும் பெரிய மரபியல் ஆய்வுகள் கேரளத்தின் பக்கமே நின்றன. ஷோம்பெர்க் ஆலை வைத்த ஊருக்கு அங்கிருந்துதான் விடை வருகிறது. 2024-இல் கிள்ளியூர் வட்டத்தில் மிடாலம், இனயம் புத்தன்துறை, ஏழுதேசம், கொல்லங்கோடு உள்ளிட்ட பகுதிகளில் 1,144 ஹெக்டேரில் தாதுமணல் எடுக்கும் திட்டம் வந்தபோது, கடலோர ஊர்கள் திரண்டு எதிர்த்தன. அவர்கள் எழுப்பிய கேள்விகளில் முதலாவது புற்றுநோய். அதற்குப் பதிலாக எடுத்துக்காட்டப்படும் கருநாகப்பள்ளி எண்கள், வீட்டைச் சுற்றிக் கிடந்தபடி கிடக்கும் மணலின் கதிர்வீச்சை அளந்து எடுத்தவை.